கிளீனரை இறக்கிவிட்டு எடை போடவும்

எங்கள் சபையில் சத்தியம் செய்யக் கூடாது. ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம் என்பார் போதகர். அதனால் அவர் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து இதை எழுதுகிறேன். கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் மேல்வரிசையில் மிச்சமிருக்கும் பற்கள்மீது ஆணை. முன்பற்கள் இரண்டும் போய்விட்டதால் அவற்றின் மீது ஆணையிட வழியில்லை. ஆனால் நடந்த காரியத்தில் பெரும்பங்கு அந்த இரண்டுக்கும்தான்.

நான் பங்காருபாளையம் மண்டியில் மாங்காய்த் தரகன். என் மனைவி கிரேஸின் தம்பி ஜாபேஸ், சித்தூர் போகிற சாலையில் மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளுக்கு நடுவே இருக்கும் காட்டாவில் வேலை செய்கிறான். காட்டா என்றால், லாரியை லோடோடு அப்படியே ஏற்றி எடை போடுகிற மேடை. தரகனுக்கு வாய்தான் முதல். காட்டாக்காரனுக்கு வாயே வேண்டாம். விற்கிறவன் அழுதாலும் வாங்குகிறவன் கத்தினாலும் சிவப்பு விளக்கில் என்ன எண் எரிகிறதோ அதுதான் முடிவு. "எண்ணு வந்துட்ச்சின்னா அப்பால பேச்சு கெடையாது" என்பான் ஜாபேஸ். வாழ்க்கையில் அவன் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

அவன் அறைச் சுவரில் தமிழிலும் தெலுங்கிலும் அவன் கையாலேயே எழுதிய பலகை ஒன்று தொங்கும்: 'கிளீனரை இறக்கிவிட்டு எடை போடவும்.' லாரி கிளீனர் வண்டிக்குள்ளேயே தூங்கிப்போனால் அவனையும் மாங்காயோடு சேர்த்து யாரோ விலை கொடுத்து வாங்கவேண்டி வரும். ரங்கன் என்று ஒரு கிளீனர் இருந்தான். அவன் இறங்கியதும் லாரி நிம்மதியில் ஒரு முழம் மேலே எழும்பி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். எடையில் யாருக்காவது சந்தேகம் வந்தால் மறு எடை கேட்கலாம். கேட்டவனுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது. காட்டாவில் ஜாபேஸ் வைத்திருந்த தர்மம் அது ஒன்றுதான்.

என்மேல் அவனுக்கு ஒரே குறைதான். நான் பேசினால் தூறல் போடும் என்பான். முன்பல் இல்லாத வாசலில் சொல் தனியாக வருமா, துணைக்கு நாலு துளியையும் கூட்டிக்கொண்டுதான் வரும். நான் காட்டாவுக்குப் போனால் முதல் காரியமாக ஜன்னல் கண்ணாடியைச் சாத்திவிட்டு, "இப்ப சொல்லு மாமா" என்பான்.

அவனுக்கு இருமல் வந்தது. பீடி இருமல்தான் என்று நாள் கடத்தினான். சளியில் சிவப்பு தெரிந்த பிறகு கிரேஸ் அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சித்தூரில் படம் எடுத்தார்கள். திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சதையைக் கிள்ளிப் பார்த்து, நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். அப்போதுதான் டாக்டரம்மா இரத்தத்திலும் ஒரு பரிசோதனை எழுதினார்.

"ட்யூமர் மார்க்கர்னு சொல்லுவோம். இது பேரு சைஃப்ரா" என்றார்.

ஜாபேஸ் காதில் அது 'சைபர் மார்க்கு' என்று விழுந்தது. "அது எனக்கு ஸ்கூல்லயே பழக்கம்தான் டாக்டர்" என்றான்.

முடிவு வந்தது. முப்பத்தெட்டு. கிரேஸுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. "சைபர்னாங்களே, என் தம்பி முப்பத்தெட்டு வாங்கிகீறான். முப்பத்தஞ்சுக்கே பாஸுதானே." அந்த ஞாயிற்றுக்கிழமையே சபையில் ஸ்தோத்திர ஜெபம் வைத்துவிட்டாள். திரும்பப் போனபோதுதான் டாக்டரம்மா விளக்கினார்: அது மூன்றுக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டிய எண்ணாம். முப்பத்தெட்டு என்றால் ரொம்ப அதிகமாம். அடுத்த ஞாயிறு போதகர் முழங்கால் போட்டு, உம்முடைய அடியான் இந்தப் பரீட்சையில் தோற்றுப்போகக் கிருபை செய்யும் ஆண்டவரே என்று கேட்கவேண்டியதாயிற்று. அப்படி ஒரு விண்ணப்பம் அந்த சபையிலிருந்து அதுவரை போனதில்லை. மேலே அதைப் படித்துப் பார்க்கவே கொஞ்ச நேரம் எடுத்திருக்கும்.

"இந்த எண்ண மட்டும் வெச்சி நோய் இருக்குன்னோ இல்லைன்னோ சொல்ல மாட்டோம்" என்றார் டாக்டரம்மா. அவர் தெலுங்குக்காரர். வேலூரில் படித்ததால் தமிழ் நன்றாக வரும். "கிட்னி கெட்டாலும் ஏறும், நிமோனியா வந்தாலும் ஏறும். மருந்துக்கு முன்னால எவ்ளோ, பின்னால எவ்ளோ, ஏறுதா எறங்குதா, அதுதான் நமக்கு முக்கியம். ஒரே லேப்ல பாக்கணும்."

ஜாபேஸ் முகம் முதல் தடவையாகத் தெளிந்தது. "லோடு எடையும் காலி எடையும் ஒரே காட்டாவுல போடணும். கரெக்டு."

நான் இந்த இடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவ விஷயத்தைச் சொல்ல முன்னால் குனிந்தேன். டாக்டரம்மா ரிப்போர்ட்டைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தாத்தகாரு, கொஞ்சம் ஜருகண்டி. இந்த டெஸ்டுல எச்சில் கலந்தாலே எண் ஏறிடும், தெரியுமா?"

ஜாபேஸ் சிரித்தான். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அவன் சிரிக்கவில்லை.

மருந்து ஏற்றும் நாற்காலியில் அவன் உட்கார்ந்த நாட்களை நான் விவரிக்கப்போவதில்லை. களி பிடிக்கவில்லை, கஞ்சி பிடிக்கவில்லை, தண்ணீரே தகரம் மாதிரி இருக்கிறது என்றான். தலை மொட்டையானது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும், அந்த நோய்க்குத் திருப்பதியைப் போல நல்ல ஊர் கிடையாது. வேறு ஊரில் என்றால் அவன் தலையைப் பார்த்து நாலு பேர் உச்சுக்கொட்டியிருப்பார்கள். அங்கே எல்லாருக்கும் மொட்டை. பஸ் ஸ்டாண்டில், "தரிசனம் நல்லா ஆச்சா சாமி?" என்று கேட்பார்கள். "ஆச்சு, ரெண்டு மணி நேரத்துல ஆச்சு" என்று நான் சொல்வேன். மூன்று தலைமுறையாகக் கோயில் பக்கம் போகாத கிறிஸ்தவனுக்கு வழியில் போகிறவர்கள் கும்பிடு போட்டார்கள். ஒரே ஒரு ஷேர் ஆட்டோக்காரன்தான் கண்ணாடியில் உற்றுப் பார்த்துவிட்டு, "புருவத்தையும் சேத்து வேண்டிக்கினியா அண்ணா?" என்று கேட்டான்.

"வேண்டுதல் பெருசு" என்றான் ஜாபேஸ்.

எண் இறங்கியது. முப்பத்தெட்டு பதினேழாயிற்று, ஆறாயிற்று, கடைசியில் இரண்டுக்கு வந்து நின்றது. ஸ்கேனும் அதையே சொன்னது. மருந்தை நிறுத்தினார்கள். கடைசி நாள் நாற்காலியிலிருந்து எழுந்தபோது அவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "மாமா, கீழ இருந்துச்சின்னா இருக்கேன். இனிமே ஏறிச்சின்னா நான் திருப்பதிக்கு வர மாட்டேன். இந்த நாற்காலி ஒரு தரம் போதும். அக்காகிட்ட நீதான் சொல்லணும்."

நான் கிரேஸிடம் சொல்லவில்லை. தரகன் கெட்ட விலையை முதலில் சொல்லமாட்டான்.

அதன்பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சித்தூரில் ஒரு சென்டரில் இரத்தம் கொடுப்போம். அது அங்கிருந்து அதே திருப்பதி லேபுக்குப் போகும். இரத்தம் எடுப்பவன் பவன்குமார் என்ற பையன். லாரி டயரைக் கழற்றி மாட்டுகிற ஜாபேஸுக்கு ஊசி என்றால் உயிர் போகும். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுவான். ஆமென் சொல்கிறவரை திறக்கமாட்டான். அவன் பயத்தைப் போக்க நான் பக்கத்தில் நின்று ஏதாவது சொல்லிக்கொண்டிருப்பேன்.

மாமரங்கள் பூவிட்டிருந்த சமயம். அந்தத் தடவை நான் சொன்னது கங்கம்மா தோப்பில் காய்த்த கிளிமூக்கு மாங்காயைப் பற்றி. அந்தக் காயை இறக்க ஏணி போதாமல் மின்சார வாரியத்திலிருந்து ஆள் வந்தார்கள். வெட்டியபோது கொட்டைக்குள் ஒரு கோழி ஏழு குஞ்சுகளோடு குடியிருந்தது. பவன்குமார் சிரித்துக் கை ஆடி, "தாத்தா, கொஞ்சம் ஊருகோ, சும்மா இரு" என்றான்.

இரண்டு நாள் கழித்து முடிவு ஜாபேஸின் போனுக்கு வந்தது. மதியம் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தான். "அக்கா, களி கீதா?" என்று கேட்டு, வேர்க்கடலைச் சட்னி வைத்து இரண்டு உருண்டை சாப்பிட்டான். கிரேஸ் பூரித்துப்போனாள். கை கழுவியபின், நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னான்.

"பதினொண்ணு காட்டுது. முடிஞ்சிதுக்கா. டாக்டர்கிட்ட நான் போவல."

"அட, இன்னாடா பேசுறே? போய்ப் பாத்தாத்தானே தெரியும்."

"இன்னா தெரியணும்? எண்ணு வந்துட்ச்சி."

கிரேஸ் கெஞ்சினாள். செத்துப்போன அம்மாவை இழுத்தாள். போதகரை வரவழைப்பேன் என்றாள். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். கோபமே இல்லை. சண்டை போடுகிறவனை மடக்கலாம். தலையாட்டுகிறவனை என்ன செய்வது? அவன் போனபிறகு அவள் என்னைப் பார்த்தாள். "ஊர்ல இருக்கற மாங்காயெல்லாம் பேசி விக்கறீங்க. என் தம்பியத் திருப்பதி பஸ்ல ஏத்த வாய் இல்லையா?"

மறுநாள் காலை காட்டாவுக்குப் போனேன். மாங்காய் சீசன் இல்லை. ஒரு வெல்ல லாரி மட்டும் எடைச் சீட்டு வாங்கிக்கொண்டு கிளம்பியது. ஜாபேஸ் என்னைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் கண்ணாடியைச் சாத்தினான்.

"ஜாபேஸு, மறு எடை போடணும்டா" என்றேன் வெளியிலிருந்து.

"எந்த லோடு?"

"உன் ரத்தம்."

"மாமா, வேலயப் பாரு."

"கிளீனர எறக்காம எடை போட்டுட்டாங்கடா."

அவன் கண்ணாடியைக் கொஞ்சம் திறந்தான். "எந்தக் கிளீனரு?"

"நான்தான்."

நடந்ததைச் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது என் தலை இரத்தம் பிடிக்கிற குழாய்க்கு நேர் மேலே இருந்தது. கோழி குஞ்சுகளோடு கொட்டையை விட்டு வெளியே வந்த கட்டத்தில் 'குஞ்சு' என்ற சொல்லை அழுத்திச் சொல்லவேண்டி வந்தது. ஒரு துளி கிளம்பியதை நான் பார்த்தேன். போய் விழுந்த இடத்தையும் பார்த்தேன். "எச்சில் கலந்தா ஏறும்னு டாக்டரம்மா உன் எதிர்லயே சொன்னாங்களா இல்லையா?"

அவன் போனை எடுத்து பவன்குமாரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"பவனு, அன்னிக்கி ரத்தம் எடுக்கும்போது எங்க மாமா கிட்ட நின்னு பேசிக்கினு இருந்தாரா?"

"அய்யோ, பேசினாரு அண்ணா. கோழி கதை. என் கண்ணாடியே நனஞ்சிபோச்சி."

ஜாபேஸ் போனைக் கீழே வைத்தான். அவன் முகத்தில் நேற்று இல்லாதது இன்று வந்திருந்தது. கோபம். அதைப் பார்த்ததும் எனக்கு மூச்சே திரும்பி வந்தது.

"எத்தினி வருஷமா சொல்லிக்கினு கீறேன். வாய்க்கு நேரா துண்டப் புடி, துண்டப் புடின்னு. சபைக் கல்யாணத்துல போட்டோக்காரன் மேல துப்புனே. கல்யாணம் பண்ணிவெச்ச ஐயகாரு மேல துப்புனே. இப்ப என் ரத்தத்துலயே துப்பிட்டு வந்து நிக்கறே. நான் ராவெல்லாம் எங்க பொதைக்கறதுன்னு யோசிச்சிக்கினு கீறேன்."

"எங்க முடிவு பண்ணே?"

"உன் மண்டி எதுருல. நீ பேசறதக் கேட்டுக்கினே கெடக்கட்டும்னு" என்று சொல்லி, அவனே தன் பலகையைப் பார்த்தான். மறு எடை கேட்டவனுக்கு இல்லை என்று அவன் சொன்னதில்லை. அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். "பஸ்ல என் பக்கத்துல உக்காராதே" என்றான்.

அவன் முன் சீட்டிலும் நான் கடைசி சீட்டிலுமாகத் திருப்பதி போய்ச் சேர்ந்தோம்.

டாக்டரம்மாவிடம் ஜாபேஸே முறையிட்டான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, வாய்மேல் துண்டு இருந்தது. அவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னைப் பார்த்தது கொஞ்சம் நீளமாகவே இருந்தது. பிறகு, "எச்சில் பட்டா ஏறும், அது நெஜம்தான்" என்றார். "ஆனா எச்சிலா, வேறயான்னு எண்ணைக் கேட்டா சொல்லாது. ஸ்கேன் சொல்லும். வந்தது வந்தீங்க, எடுத்துடலாம்."

"அதுதான் மறு எடையா?" என்றான் ஜாபேஸ்.

"ஆமா. அதுதான் மறு எடை."

அன்றிரவு திருச்சானூரில் ஒரு லாட்ஜில் தங்கினோம். மறுநாள் மதியம் ஸ்கேன் முடிவு கையில் வந்தது. பழைய இடம் சுத்தமாக இருந்தது. அடுத்த பக்க நுரையீரலில் மட்டும் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு புள்ளி. என் எச்சிலைத் தேடப் போன இடத்தில் இது கிடைத்தது. காணாமல்போன ஆட்டைத் தேடுகிறவன் புதரில் பாம்பைப் பார்ப்பதில்லையா, அந்த மாதிரி. ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமில்லை.

"சின்னதா இருக்கும்போதே மாட்டிச்சி" என்றார் டாக்டரம்மா. "ஊசி போட்டு சதை எடுத்து உறுதி பண்ணிக்கலாம். அதுவேதான்னா, கதிர வெச்சி அந்த எடத்த மட்டும் பாத்து சுடலாம். நாலஞ்சு தடவ படுத்து எழுந்தா போதும். இருமல் வர்ற வரைக்கும் காத்துக்கினு இருந்தீங்கன்னா வேற பேச்சு பேசியிருப்போம்."

"நாற்காலி?" என்று கேட்டான் ஜாபேஸ்.

"இப்போதைக்கு வேணாம். பின்னால வேணும்னா சொல்றேன். பொய் சொல்ல மாட்டேன்."

லாட்ஜுக்கு எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் தாமரைப்பூ வாங்கிக்கொண்டிருந்தார்கள். மொட்டை அடித்த குடும்பம் ஒன்று வரிசையாக ஷேர் ஆட்டோவில் ஏறியது. ஜாபேஸ் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தான். டீயில் ஆடை படிந்தது. சொல்ல ஒன்றும் இல்லாமல் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"இன்னா மாமா, சும்மா கீறே?"

"ஒண்ணுமில்ல."

"எதுனா சொல்லு."

"எச்சில் படும்டா."

அவன் நகர்ந்து என் பக்கத்தில், தோள் இடிக்கிற அளவுக்குக் கிட்டத்தில் வந்து உட்கார்ந்தான். என் வாய்மேலிருந்த துண்டை அவனே எடுத்தான்.

"படட்டும்" என்றான்.

அந்தக் கோழிக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று சொன்னேன். ஏழு குஞ்சுகளில் ஒன்று மட்டும் மாம்பழ மணத்தோடு முட்டையிட்டதையும், கூழ் ஃபேக்டரிக்காரர்கள் அதைத் தேடி வந்ததையும், அது தப்பித்துத் திருமலை அடிவாரத்தில் இன்னும் திரிவதையும் சொன்னேன். அவன் டீயைக் குடித்து முடித்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான். எதைத் துடைத்தான் என்று நான் கேட்கவில்லை.

சதைப் பரிசோதனை அதுவேதான் என்று சொன்னது. படுத்தான், எழுந்தான், அவ்வளவுதான். களியும் பிடித்தது. அடுத்த தடவை இரத்தம் எடுக்கப் போனபோது என்னைச் சென்டருக்குள் விடவில்லை. சாலைக்கு அந்தப் பக்கம், வேலூர் பஸ் நிற்கிற இடத்தில், வாயில் துண்டோடு நின்றேன். முடிவு வந்தது. இரண்டு. கிரேஸ் சபையில் ஸ்தோத்திரம் வைத்தாள், இந்தத் தடவை கேட்டுத் தெரிந்துகொண்டு.

"பாத்தியா? கிளீனரு எறங்குனான், எடை எறங்கிச்சி" என்று ஜாபேஸ் காட்டாவுக்கு வருகிற ஒவ்வொரு லாரிக்காரனிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்னும் போகிறான். ஏறினால் மறு எடை உண்டு என்று அவனுக்கு இப்போது தெரியும். நானும் சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறேன். என் எச்சில்தான் காரணம் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

பவன்குமார் இரத்தம் எடுக்கும் குழாய்க்கு ரப்பர் மூடி உண்டு. ஊசி அதைக் குத்திக்கொண்டுதான் உள்ளே போகும், சித்தூரில் அந்த மூடியை யாரும் திறப்பதில்லை.